குரூசரா, டூரிங்கா? கைக்காசுக்குள் பைக் தேடும் திருகோணமலைக்காரருக்கு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் இருப்பவருக்கு எந்தப் பெரிய ஊரும் பக்கத்து ஊர் இல்லை. ஹபரணைச் சந்தியைத் தொடவே 85 கிலோமீற்றர். மட்டக்களப்பு 130ஐ ஒட்டி வரும். கொழும்பு ஏறக்குறைய 260. அதனால் இங்கே மோட்டார் சைக்கிள் தேடும் பொடியன்மார் வேலைக்குப் போக ஒரு பைக் என்பதோடு நிற்பதில்லை. தூரமும் போக வேண்டும், காசும் கைக்குள் நிற்க வேண்டும். அங்கேதான் தாழ்ந்து நீண்ட குரூசர் எடுப்பதா, நிமிர்ந்து இருந்து ஓடும் டூரிங் எடுப்பதா என்ற கேள்வி வருகிறது.

இரண்டு வகையிலும் நான் வருடக்கணக்கில் ஓடியிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு குறைவாக இருக்கும்போது பைக்கின் வகை இரண்டாவது விடயம். நீங்கள் ஓடப்போகும் றோட்டும், பைக் நின்றுபோனால் அதன் சாமான் எங்கே கிடைக்கும் என்பதும்தான் முதலாவது. இந்த ஒழுங்கை மாற்றிப் போட்டவர்களின் பைக்குகள் பலவற்றை வீட்டு முற்றத்தில் துணி மூடிக் கிடக்கக் கண்டிருக்கிறேன். அதில் ஒன்று என்னுடையது.

படி 1: உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

ஒரு கொப்பி எடுத்து ஒரு மாதத்துக்கு எழுதிப் பாருங்கள். எந்த நாள் எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீற்றர், தார் றோட்டா கிரவல் றோட்டா, பின்னால் யார் இருந்தார்கள், என்ன சுமை. கடையில் நின்று கனவு காண்பதற்கும் இந்தக் கொப்பிக்கும் உள்ள இடைவெளி பெரிது. என் கொப்பியில், வருடத்துக்கு நாலு தடவை போகும் மலைநாட்டுப் பயணத்தைவிட, கிழமைக்கு இரண்டு தடவை போகும் மூதூர் ஓட்டம்தான் கூடுதலான கிலோமீற்றரைத் தின்றிருந்தது.

கொப்பி நிறைந்ததும் பார்க்க வேண்டியது இரண்டே விடயம்.

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் நேர்த் தார் றோட்டா? கந்தளாய் வழியாகத் தம்புள்ளை நோக்கிப் போகும் ஏ6, கிண்ணியா, மூதூர், வெருகல் தாண்டி மட்டக்களப்புக்கு இறங்கும் ஏ15, நிலாவெளி, குச்சவெளி ஊடாகப் புல்மோட்டை போகும் கரையோர றோட்டு, மூன்றும் தட்டையானவை, வளைவு குறைந்தவை. இவற்றில் குரூசர் நிம்மதியாக ஓடும். ஆனால் தம்பலகாமத்து வயல் வரம்போரப் பாதை, குளக்கட்டு, கடற்கரை மணல் ஒழுங்கை என்று கிழமைக்கு மூன்று நாள் இறங்குபவராக இருந்தால் குரூசரை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, மலை ஏறுகிறீர்களா? மாத்தளை, கண்டி, நுவரெலியா என்று அடிக்கடி போவீர்கள் என்றால், அல்லது மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் 18 வளைவுப் பாதை உங்களுக்குப் பழக்கமான வழி என்றால், நிமிர்ந்த டூரிங் வகைதான் உங்களுக்கு. கொண்டை ஊசி வளைவில் நீண்ட குரூசரைத் திருப்புவது தோளுக்கு வேலை. தாழ்ந்த கால் மிதி தாரில் உரசும். முதல் தடவை உரசும்போது நெஞ்சு ஒரு தரம் நின்று அடிக்கும்.

படி 2: நம் காசுக்குள் இந்த இரண்டு சொல்லுக்கும் என்ன பொருள்

படங்களில் வரும் பெரிய பயண பைக்குகளை விட்டுவிடுங்கள். நம் சந்தையில், நம் கைக்குள் வரும் குரூசர் என்றால் தாழ்ந்த இருக்கை, முன்னுக்கு நீட்டிய கால், அகன்ற ஹான்டில், இரண்டு சக்கரத்துக்கும் இடையே நீண்ட இடைவெளி. முன் போர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) சாய்ந்து நிற்பதால் நேர்ப் பாதையில் கல்லுப் போல நிற்கும், திருப்பச் சோம்பும். டூரிங் என்றால் நிமிர்ந்த முதுகு, இடுப்புக்கு நேர் கீழே கால், உயர்ந்த சஸ்பென்ஷன், காற்று மறைப்பு, சாமான் கட்ட இடம்.

கால் எங்கே இருக்கிறது என்பது சின்ன விடயம் போலத் தெரியும். அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கால் இடுப்புக்குக் கீழே இருந்தால் குழி வரும்போது சற்று எழும்பி முழங்காலால் அடியைத் தாங்கலாம். கால் முன்னுக்கு நீண்டிருந்தால் எழும்ப முடியாது. ஒவ்வொரு குழியும் நேரே நாரி எலும்புக்குப் போகும், அதுவும் பின் சோக்கப்சரின் அசைவு குறைந்த பைக்கில். அதே நேரம், கால் கட்டையானவருக்கும், சிக்னலில் பாரமான பைக்கைத் தாங்கப் பயப்படுபவருக்கும், முழங்காலை அதிகம் மடக்க முடியாதவருக்கும் குரூசரின் தாழ்ந்த இருக்கை பெரிய வரம்.

ஒரு விடயத்தைச் சேர்த்து யோசியுங்கள். இலங்கையின் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஊருக்கு வெளியே சட்டம் தரும் வேகம் 70. ஆகவே 120இல் நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பெரிய எஞ்சினின் வலிமைக்கு இங்கே வேலையே இல்லை. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

படி 3: கச்சானும் வாடையும்

வேறு ஊர் வழிகாட்டிகளில் இது இருக்காது, ஆனால் எங்களுக்கு முக்கியம். யூன், யூலையில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் கந்தளாய் றோட்டில் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60இலிருந்து 80க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு வேகம்தான் கூடுகிறது, தள்ளும் விசையோ முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. குரூசரில் கையை அகல விரித்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு இருப்பீர்கள். பாய்மரம் கட்டியது போல இருக்கும். ஒரு மணித்தியாலத்தில் கழுத்தும் தோளும் இறுகிவிடும்.

இதற்கு வழி இருக்கிறது, விலையும் அதிகமில்லை. ஒரு காற்றுக் கண்ணாடி பூட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். அதன் மேல் விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்தில் நிற்க வேண்டும். கண் அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். கண்ணாடி ஊடாகப் பார்க்கும் உயரத்தில் பூட்டினால் வாடைக்கால (வடகிழக்குப் பருவ) மழையில் இரவில் ஒன்றும் தெரியாது.

பக்கக் காற்றும் இருக்கிறது. கிண்ணியாப் பாலம் ஏறக்குறைய 400 மீற்றர் நீளம், இரண்டு பக்கமும் திறந்த நீர். அங்கே உயரமான, இலேசான டூரிங் பைக், பின்னால் பெரிய பெட்டியோடு, ஆடும். தாழ்ந்த பாரமான குரூசர் அசையாமல் போகும். காற்றைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒவ்வொரு வெற்றி.

படி 4: காசை ஐந்தாகப் பிரியுங்கள்

கையில் உள்ளதை ஐந்து பங்காக்கி, நாலு பங்குக்கு மட்டும் பைக் தேடுங்கள். ஐந்தாவது பங்கைத் தொட வேண்டாம். இரண்டு டயர், செயின் செட், பிறேக் கட்டைகள், எஞ்சின் ஒயில், பற்றரி, பெயர் மாற்றம், காப்புறுதி, இரண்டு நல்ல தலைக்கவசம், எல்லாம் அதற்குள்ளே வரும். பழைய பைக் எடுத்து முதல் மூன்று மாதத்துக்குள் இந்தச் செலவு வராமல் தப்பிய ஒருவரையும் நான் அறியேன்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்குகளின் விலை எங்கேயோ போனது. 2025இல் இறக்குமதி மீண்டும் திறந்தாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது பலருக்குக் கைக்கு எட்டவில்லை. ஆகவே உங்களில் பெரும்பாலானோர் வாங்கப்போவது இன்னொருவர் ஓடியதைத்தான். பழைய பைக்குக்கு லீசிங் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாதத் தவணையும் கராஜ் பில்லும் ஒரே மாதத்தில் வந்தால் நிற்பது பைக்தான்.

பெற்றோலையும் கணக்கில் எடுங்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தார்கள். லீற்றருக்கு 35 ஓடும் குரூசரில் அது 140 கிலோமீற்றர். ஹபரணைக்குப் போய்த் திரும்பவே 170 வேண்டும். 50 ஓடும் 150 சிசிக்காரர் போய் வந்து மிச்சமும் வைத்திருந்தார். அந்த நாட்கள் திரும்பாது என்று நம்புவோம். ஆனால் மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு இந்த வித்தியாசம் இன்றைக்கும் மாதத்துக்கு எட்டரை லீற்றர்.

படி 5: எந்தெந்த பைக்கைப் பார்ப்பது

குரூசரில் முதலில் பார்க்க வேண்டியது பஜாஜ் அவெஞ்சர் 220. இருக்கை உயரம் 737 மில்லிமீற்றர், பெற்றோல் தாங்கி 13 லீற்றர், தரைக்கும் எஞ்சினுக்கும் இடைவெளி 169. எஞ்சின் பல்சர் 220இன் குடும்பம் என்பதால் வேலை தெரிந்த கை எல்லா ஊரிலும் இருக்கும். பின் சக்கரம் 15 அங்குலம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வாங்கமுன் டயர் கடையில் கேளுங்கள், கையிருப்பு இருக்கிறதா என்று. காசு கொஞ்சம் கூட இருந்தால் றோயல் என்பீல்ட் மெற்றியோர் 350. 349 சிசி, 765 மில்லிமீற்றர் இருக்கை, 15 லீற்றர் தாங்கி, ரியூப் இல்லாத டயர். 191 கிலோ என்பதால் மணல் முற்றத்தில் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

டூரிங் பக்கத்தில் றோயல் என்பீல்ட் ஹிமாலயன் 411. 220 மில்லிமீற்றர் தரை இடைவெளி, 800 இருக்கை, 15 லீற்றர். குளக்கட்டும் மலையும் இரண்டும் உங்கள் கொப்பியில் இருந்தால் இதுதான். ஆனால் ஆரைச் (கம்பிச்) சக்கரம், உள்ளே ரியூப். ஒட்டுப் போடும் சாமான்களும் கழற்றும் பழக்கமும் வேண்டும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 கிடைத்தால் இன்னும் இலேசு, ஆனால் இருக்கை 820ஐத் தாண்டும். கால் எட்டாதவருக்குச் சரிவராது.

மூன்றாவது வழியை யாரும் சொல்வதில்லை. கையில் காசு நன்றாகக் குறைவென்றால் நல்ல நிலையிலுள்ள பல்சர் 150 போன்ற ஒரு நாளாந்த பைக்கை எடுத்து, பின்னால் சாமான் தாங்கி, பக்கப் பைகள், சிறிய காற்றுக் கண்ணாடி, மெத்தையான இருக்கை என்று சேர்த்தால் முழு டூரிங் பைக்கின் வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். புல்மோட்டையில் நின்றாலும் வெருகலில் நின்றாலும் சாமான் கிடைக்கும். நான் தம்பிக்கு எடுத்துக் கொடுத்தது இதைத்தான்.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்பேன். சாதாரண பைக்கின் சட்டத்தை வெட்டி நீட்டிக் குரூசர் ஆக்கியவை. ஒட்டிய இடம் எப்போது விடும் என்று தெரியாது. பதிவில் உள்ளதற்கும் பைக்குக்கும் பொருத்தம் இல்லாததால் சோதனைச் சாவடிதோறும் கதை சொல்ல வேண்டிவரும்.

படி 6: பழையதைச் சோதித்தல்

இங்கே அவசரப்பட வேண்டாம். என் முதல் குரூசர், ஜப்பானில் ஓடி வந்த பழைய இரட்டைச் சிலிண்டர். அழகைப் பார்த்து எடுத்தேன். விற்றவர் பற்றரி புதுசு என்று இரண்டு தரம் சொன்னார். தம்புள்ளையிலிருந்து வரும்போது ஹபரணை தாண்டிப் பொழுதுபட, முன் லைட் மங்கி மங்கி எஞ்சினும் நின்றது. கல் ஓயாச் சந்திக்கு இன்னும் தூரம். றோட்டில் ஈரம் காயாத யானை லத்தி. கந்தளாய்க்கு நெல் ஏற்றப் போன ஒரு லொறிக்கார அண்ணன் பைக்கோடு என்னையும் ஏற்றினார். அடுத்த நாள் கராஜ் பாஸ் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பற்றரி புதுசு எண்டு சொன்னா, பழசு ஏன் செத்தது எண்டு கேக்க வேணும்." சார்ஜ் ஆகும் பகுதியே பழுது. அந்தச் சாமான் வரக் கிழமைகள் போயின.

அன்றிலிருந்து ஒரு சின்ன மீற்றர் இல்லாமல் பைக் பார்க்கப் போவதில்லை. எஞ்சின் நிற்கும்போது பற்றரியில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து அக்சிலேற்றரைச் சற்று ஏற்றினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். 12லேயே நின்றால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினால் பற்றரியைக் கொதிக்க வைத்துக் கொல்லும்.

போன உடனே எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், குளிரில் எழும்பாத பைக்காக இருக்கலாம். வேறு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்து நீலப் புகை வருகிறதா பாருங்கள், வந்தால் ஒயில் எரிகிறது. முன் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கி ஹான்டிலை மெதுவாக இருபக்கமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல இருந்தால் கழுத்துப் பேரிங் தேய்ந்துவிட்டது.

உப்பு எங்கள் ஊரின் தனி நோய். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலோரம் நின்ற குரூசரின் குரோம் எல்லாவற்றையும் விரலால் தடவுங்கள். சைலன்சரிலும் மட்கார்டிலும் புள்ளி விழுந்திருந்தால் அது அழகுக் குறைதான், விலையைக் குறைத்துக் கேட்கலாம். முன் போர்க் குழாயில் புள்ளி விழுந்திருந்தால் கதை வேறு. அந்தச் சொரசொரப்பு ஒயில் சீலை வெட்டும், புதுச் சீல் போட்டாலும் மாதக்கணக்கில்தான் நிற்கும். ஆரைகள் றிம்மில் சேரும் இடத்தில் துருப்பிடித்திருக்கிறதா, வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். குரோம் அதிகம் உள்ளது குரூசர் என்பதால் கடலோரத்தில் குடியிருப்பவருக்கு அது வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்க் கழுவல் கேட்கும். அதைச் செய்ய மனம் இல்லாதவர் டூரிங் பக்கம் போவது நல்லது.

மகாவலி பெருகும் வருடங்களில் வெள்ளத்தில் நின்ற பைக்குகளும் சந்தைக்கு வரும். முன் லைட்டுக்குள் சேற்றுக் கோடு, இருக்கைக்குக் கீழே மூலைகளில் காய்ந்த வண்டல், பால் கலந்தது போன்ற ஒயில், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுங்கள்.

படி 7: காகிதங்கள்

எஞ்சின் இலக்கம், சசி இலக்கம் இரண்டையும் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கம் இருக்கும் இடம் அராவப்பட்டிருந்தால் பேச்சே வேண்டாம். புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதி நிறுவனம் இருந்தால் கடன் முடிந்த கடிதம் கைக்கு வரும்வரை முற்பணமும் கொடுக்காதீர்கள். கைமாறிக் கைமாறி வந்து, முதல் ஆளின் கையெழுத்தோடு மட்டும் இருக்கும் திறந்த காகிதப் பைக் விலை குறைவாக வரும். பெயர் மாற்றப் போகும்போதுதான் அந்த முதல் ஆளைத் தேடி அலைவீர்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று, காப்புறுதி மூன்றின் திகதியையும் பாருங்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 மட்டும் இருந்தால் அது 100 சிசி வரைக்கும்தான். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஏ வேண்டும்.

படி 8: ஓடிப் பார்க்கும் வழி

முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. விற்பவரைச் சமாதானப்படுத்தி, பின்னால் ஏற்றிக்கொண்டே போங்கள். முதலில் கோட்டைக்குள் நுழைந்து கோணேசர் கோவில் ஏற்றம். மான்கள் குறுக்கே வரும், பக்தர்கள் நடப்பார்கள். முதலாம் கியரில், நடக்கும் வேகத்தில், கிளட்ச் நடுங்காமல் ஏறுகிறதா, எஞ்சின் சூட்டில் தடுமாறுகிறதா என்பது அங்கே தெரியும். பிறகு சீனன்குடா வழியாகக் கிண்ணியாப் பாலம். 60இல் ஹான்டில் பிடியைத் தளர்த்துங்கள், கையை எடுக்க வேண்டாம். ஒரு பக்கம் இழுத்தால் சட்டம் அல்லது போர்க் வளைந்திருக்கிறது. திரும்பும்போது ஏதாவது ஒரு கிரவல் ஒழுங்கையில் இறங்குங்கள்.

உங்கள் பின் இருக்கைக்காரரையும் ஒரு நாள் ஏற்றுங்கள். மனைவியோ அம்மாவோ, அவர்தான் பாதிப் பயணி. குரூசரில் ஓடுபவரின் இருக்கை சோபா போலவும் பின் இருக்கை பலகை போலவும் இருப்பதுண்டு. வெருகல் முருகன் கோவிலுக்கு ஒரு தரம் போய்வந்த பிறகு என் மனைவி சொன்ன ஒரு சொல்லுக்காகத்தான் நான் முதுகுச் சாய்வு பூட்டினேன். அதன் பிறகு மட்டக்களப்பு வரை ஒரு முறைப்பாடும் இல்லை.

படி 9: எடுத்த பிறகு

முதல் கிழமையில் எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள், பழையது எப்போது மாற்றியது என்று யார் சொன்னாலும் சரி. செயினைக் கழுவி ஒயில் போடுங்கள். கடற்கரையோர ஓட்டத்துக்கு 500 கிலோமீற்றருக்கு ஒரு தரம் இதைச் செய்யுங்கள். பாரமானதைத் தாழ்வாக, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வரும்படி பக்கப் பைகளில் வையுங்கள். பின்னால் உயரத்தில் பெட்டி கட்டி அதற்குள் சாமானைத் திணித்தால் முன் சக்கரம் இலேசாகி, 70இல் ஹான்டில் ஆடத் தொடங்கும். இரண்டு பேர் போகும்போது பின் டயர் காற்றை, செயினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணை சொல்லும் அளவுக்கு ஏற்றுங்கள்.

முதல் நீண்ட ஓட்டம் தம்புள்ளை வரை போதும், விடிய ஐந்தரைக்குப் பிறகு வெளிக்கிட்டு. கந்தளாயில் நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் செயின் தொய்வு, ஒயில் கசிவு, நட்டுகள் மூன்றையும் ஒரு தரம் பாருங்கள். திரும்பும்போது பின்னேரம் நாலு மணிக்குள் ஹபரணையைத் தாண்டிவிடுங்கள். பொழுதுபட்டால் காட்டுப் பக்கம் யானை, ஊர்ப் பக்கம் சூடான தாரில் படுத்திருக்கும் மாடு. பழைய பைக்கின் லைட் இரண்டுக்கும் போதாது.